பண்ணைக் குடிலுக்கு நிலத்தடி மின்சாரம்

புணே மாவட்டத்தின் பாராமதிப் பகுதியில் 2005-ஆம் ஆண்டு முதல் வேளாண் சுற்றுலா வளர்ந்து வருகிறது. மகாராஷ்டிர அரசு 2020-இல் இதற்கெனத் தனிக் கொள்கையும் வகுத்தது. விருந்தினர் தங்கும் குடில், பண்ணையின் மின் மீட்டரிலிருந்து தொலைவில் அமைவது இயல்பு. கரும்பு ஏற்றிய வண்டிகள் செல்லும் பாதையில் மேல்நிலைக் கம்பி ஆபத்தானது. நிலத்தடிக் கேபிளே பொருத்தமானது.

கேபிளின் பருமனை மின்பளுவை மட்டும் கொண்டு முடிவு செய்தல் போதாது. தொலைவையும் கணக்கிட வேண்டும். 230 வோல்ட்டில் 3 கிலோவாட் பளுவுக்கு 13 ஆம்பியர் மின்னோட்டம் தேவை. 10 சதுர மில்லிமீட்டர் அலுமினியக் கேபிள் இதனைச் சூடேறாமல் தாங்கும். ஆயினும், 300 மீட்டர் தொலைவில் ஏறத்தாழ 24 வோல்ட் குறைந்துவிடும். விளக்கு மங்கும், பம்பு மோட்டார் திணறும். 25 சதுர மில்லிமீட்டர் கேபிளில் இழப்பு சுமார் 9 வோல்ட்டே.

கவசமிட்ட கேபிளை 75 சென்டிமீட்டர் ஆழத்தில் மணற்படுகையில் கிடத்தி, மேலே செங்கல் பரப்பி மூட வேண்டும். வழித்தடத்தில் அடையாளக் கற்கள் நடுதல் அவசியம். இல்லையேல், பின்னாளில் மண் தோண்டுவோரின் உயிருக்கே அது கேடாகும். குடிலில் நில இணைப்பும் மின்கசிவுத் தடுப்பானும் இருத்தல் வேண்டும்.

புதைத்த கேபிளை மாற்றுவதெனில் மீண்டும் பள்ளம் வெட்ட வேண்டும். ஆகவே, தொடக்கத்திலேயே தொலைவைக் கணக்கிட்டுத் தேர்வதே உண்மையான சிக்கனம்.