திருட்டு மென்பொருளும் வீட்டு ஸ்டூடியோவும்

வீட்டு அறையிலேயே பாட்டைப் பதிந்து, கலந்து, வெளியிடும் வழக்கம் பரவியதில் திருட்டு மென்பொருளுக்குப் பெரிய பங்கு உண்டு. முன்பு அப்படியில்லை. திருச்சி வானொலி நிலையம் 1939 மே 16 அன்று தொடங்கியது. அதன்பின் பல பத்தாண்டுகள் அந்தப் பகுதியில், நல்ல ஒலிப்பதிவு என்றால் பெரும்பாலும் வானொலி நிலையம் அல்லது சென்னை ஸ்டூடியோதான். ஒலியைச் செதுக்கும் ரிவெர்ப், ஈக்வலைசர், ஒலியை உருவாக்கும் சிந்தசைசர் எல்லாம் விலையுயர்ந்த தனித்தனிப் பெட்டிகள்.

ஜெர்மனியின் ஸ்டைன்பெர்க் நிறுவனம் 1996இல் கியூபேஸ் ஒலிப்பதிவு மென்பொருளில் விஎஸ்டி முறையைக் கொண்டுவந்தபின் அந்தப் பெட்டிகள் ‘பிளகின்’களாக மாறிக் கணினிக்குள் வந்தன. இணைப்பு முறையை மற்றவர்களுக்கும் அந்த நிறுவனம் திறந்துவிட்டதால் தனி ஆட்கள்கூடப் பிளகின் எழுதினார்கள். நகலெடுப்பதும் எளிதாயிற்று. கேசட்டை நகலெடுத்தால் இரைச்சல் கூடும். பிளகினின் ஆயிரமாவது நகலும் அசலைப் போலவே ஒலிக்கும். கணினியில் செருகினால்தான் மென்பொருள் இயங்கும் என்று ‘டாங்கிள்’ பூட்டு வைத்தார்கள். அதையும் உடைத்து ‘கிராக்’ பதிப்புகள் சிடியில் சுற்றின. காசு கொடுத்தவர் டாங்கிளைத் தொலைத்துவிட்டுத் தவிக்க, கொடுக்காதவர் தடையின்றி வேலை பார்த்தார்.

இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 63பி பிரிவின்படி, திருட்டு நகல் என்று தெரிந்தே மென்பொருளைப் பயன்படுத்தினால் 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். வருமானத்துக்காகப் பயன்படுத்தாதவரானால், தக்க காரணம் இருந்தால், சிறையைத் தவிர்த்து அபராதத்தோடு விட நீதிமன்றத்துக்கு இடமுண்டு.

சட்டத்தைவிட விலைதான் நிலைமையை மாற்றியது. பெல்ஜியத்தின் எஃப்எல் ஸ்டூடியோ என்ற இசை மென்பொருள், ஒருமுறை வாங்கியவருக்கு ஆயுள் முழுவதும் புதிய பதிப்புகளை இலவசமாகத் தந்தது. 2006இல் வந்த ரீப்பர் என்ற ஒலிப்பதிவு மென்பொருள், 60 நாள் சோதனைக் காலம் முடிந்தும் பூட்டிக்கொள்ளாது. வீட்டுப் பயன்பாட்டுக்கு 60 டாலர். 189 டாலர் விலையுள்ள சீரம் சிந்தசைசர் பிளகினை 2016 முதல் மாதம் 9.99 டாலர் தவணையில் வாங்க முடிந்தது. கேக்வாக் என்ற ஒலிப்பதிவு மென்பொருள் 2018இல் இலவசமாகவே வந்தது. கியூபேஸும் 2022இல் டாங்கிளைக் கைவிட்டது.

நகல் எல்லோரையும் ஒரே அளவில் பாதிக்கவில்லை. இன்று கிராக்கில் பழகுபவர் நாளை வாங்குவார் என்று பெரிய நிறுவனம் காத்திருக்கலாம். ஓரிருவர் நடத்தும் சிறு நிறுவனத்துக்கு அந்த வசதி இல்லை. உதாரணத்துக்கு நாதஸ்வரம். நாதஸ்வர வித்வான் ஷேக் சின்ன மௌலானா ஸ்ரீரங்கத்தில் குடியேறி, 1982இல் சாரதா நாதஸ்வர சங்கீத ஆஸ்ரமத்தை நிறுவினார். அங்கே ஆண்டுக்கணக்கில் கற்பிக்கப்பட்ட அந்த வாத்தியத்தைப் பிளகினாக்குவது லேசல்ல. ஒவ்வொரு சுவரத்தையும் மெல்லவும் ஓங்கியும் வாசிக்கச் செய்து பதிய வேண்டும். சுவரத்திலிருந்து சுவரத்துக்கு இழையும் கமகங்களைத் தனியே பதிய வேண்டும். வித்வானுக்கு ஊதியம் தர வேண்டும். பியானோ பிளகினை வாங்க உலகம் முழுவதும் ஆள் உண்டு. நாதஸ்வரத்துக்கு மிகச் சிலரே. அவர்களும் நகலுக்குப் போய்விட்டால், அடுத்த வாத்தியத்தைப் பதிய அந்தச் சிறு நிறுவனத்தின் கையில் முதல் இராது.