ஃபைலில் நோய்... நேரில் குழந்தை!

'பெண் குழந்தை. வயது 14 மாதம். இடது பாதம் உள்பக்கமாக வளைந்திருக்கிறது. இதயத்தில் சிறிய ஓட்டை. எடை குறைவு. இன்னும் நிற்கவில்லை.'

தத்துக்காகக் காத்திருக்கும் ஒரு குழந்தையைப் பற்றி இப்படியொரு மெடிக்கல் ரிப்போர்ட் உங்கள் கைக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். என்ன செய்வீர்கள்?

"ஐயோ, பாவம்!" என்று ஒரு பெருமூச்சு. "நமக்கு எதுக்கும்மா இந்த வம்பு? ஆரோக்கியமான குழந்தையாப் பார்ப்போமே..." என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்ல, ஃபைல் மூடப்படும்.

அதே ரிப்போர்ட்டை அமெரிக்காவிலோ இத்தாலியிலோ ஸ்பெயினிலோ இருக்கும் ஒரு தம்பதி தங்கள் ஊர் டாக்டரிடம் காட்டுகிறார்கள். அவர்கள் கேட்பது ஒரே கேள்விதான்: "இதைச் சரிபண்ண முடியுமா?" முடியும் என்று தெரிந்தால், காகித வேலைகளை முடித்துக்கொண்டு விமானம் ஏறிவிடுகிறார்கள்!

சட்டம் என்ன சொல்கிறது?

யார் வேண்டுமானாலும் வந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய்விட முடியாது. 1984-ல் லட்சுமிகாந்த் பாண்டே வழக்கில் சுப்ரீம் கோர்ட் இதற்குக் கடுமையான விதிகளை வகுத்தது. நாடு விட்டு நாடு தத்து கொடுப்பது பற்றிய 1993-ம் வருட ஹேக் உடன்படிக்கையை இந்தியா 2003-ல் ஏற்றுக்கொண்டது. இன்று, 'காரா' என்கிற மத்திய தத்துவள ஆணையம் தடையில்லாச் சான்று கொடுத்தால்தான் குழந்தை வெளிநாடு போகலாம்.

முதல் வாய்ப்பு நம் நாட்டுப் பெற்றோருக்குத்தான். இங்கே யாரும் கிடைக்காதபோதுதான் வெளிநாடு. அதிலும் உடல், மன வளர்ச்சிக் குறைபாடுள்ள குழந்தைகள், கூடப்பிறந்தவர்களோடு இருப்பவர்கள், 5 வயதைத் தாண்டியவர்கள் ஆகியோருக்கு முன்னுரிமை தரலாம் என்கிறது 2015-ம் வருட சிறார் நீதிச் சட்டம்.

2024-25-ல் இந்தியாவில் தத்துப்போன குழந்தைகள் 4,515. இவர்களில் 4,155 பேர் உள்நாட்டிலேயே அம்மா, அப்பாவைக் கண்டுபிடித்துவிட்டார்கள். விசேஷ மருத்துவக் கவனிப்பு தேவைப்படும் குழந்தைகளுக்குத்தான் பெரும்பாலும் கடல் தாண்டிக் கதவு திறக்கிறது.

பெயரைக் கேட்டதும் பயம்!

வளைபாதம் என்றால் வாழ்நாள் முழுக்க நொண்ட வேண்டும் என்று நினைக்கிறோம். இல்லை. டாக்டர் பொன்செட்டி வகுத்த முறைப்படி, சில வாரங்களுக்கு வாராவாரம் மாவுக்கட்டை மாற்றி மாற்றிப் போட்டுப் பாதத்தை நேராக்கலாம். தேவைப்பட்டால் குதிகால் பக்கம் ஒரு சின்ன ஆபரேஷன். அப்புறம் சுமார் 4 வயது வரை தூங்கும்போது விசேஷ ஷூ. அவ்வளவுதான்.

இதயத்தில் சிறிய ஓட்டையா? பல குழந்தைகளுக்குத் தானாகவே மூடிக்கொள்ளும். பெரிய ஓட்டைக்கு ஆபரேஷன் உண்டு. உதட்டுப் பிளவை 3 முதல் 6 மாதத்திலும், அண்ணப் பிளவை ஒன்றரை வயதுக்குள்ளும் சரிசெய்வது வழக்கம். பிறகு பேச்சுப் பயிற்சியும், காது, பல் பரிசோதனையும் தொடர வேண்டும்.

இதற்கெல்லாம் வெளிநாட்டு வைத்தியம்தான் வேண்டும் என்பதில்லை. பிறவியிலேயே வரும் இந்தக் குறைகளைக் கண்டுபிடித்து இலவசமாகச் சிகிச்சை தருவதற்கென்றே 2013-ல் மத்திய அரசு ஒரு சிறார் நலத் திட்டத்தைத் தொடங்கியது. வைத்தியம் இங்கே இருக்கிறது. மடிதான் இல்லை!

நேரம் கடந்தால்...

காத்திருப்பதே ஒரு நோய்தான். ருமேனியாவின் புகாரெஸ்ட் நகரில் அனாதை இல்லங்களில் இருந்த 136 குழந்தைகளை ஆராய்ந்தார்கள். பாதிப் பேரை வளர்ப்புக் குடும்பங்களிடம் ஒப்படைத்தார்கள். 2007-ல் வந்த முடிவுகளின்படி, குடும்பத்துக்குப் போன குழந்தைகளின் அறிவு வளர்ச்சி இல்லத்திலேயே தங்கியவர்களைவிட நன்றாக இருந்தது. அதிலும் 2 வயதுக்குள் போனவர்களுக்குப் பலன் அதிகம். 'எடை குறைவு, இன்னும் நிற்கவில்லை' என்ற வரிக்குப் பல சமயம் காரணம், தூக்கிக் கொஞ்ச ஆள் இல்லாததுதான்.

பாசம் மட்டும் போதுமா?

போதாது. தலசீமியாவுக்கு அடிக்கடி ரத்தம் ஏற்ற வேண்டும். மூளை முடக்குவாதத்துக்குப் பல வருடம் பயிற்சி வேண்டும். ரிப்போர்ட்டில் இல்லாத பிரச்னை பின்னால் தெரியவும் கூடும். 6 வயதில் வெளிநாடு போகிற குழந்தைக்கு "தண்ணி வேணும்" என்று சொன்னால்கூடப் புரிந்துகொள்ள அங்கே ஆள் இருக்காது. மொழி, சாப்பாடு, முகங்கள் எல்லாமே ஒரே நாளில் மாறிப்போகும். அதனால்தான் குழந்தை போன பிறகும் 2 வருடத்துக்கு அதன் நிலை பற்றி ரிப்போர்ட் வர வேண்டும் என்பது விதி.

'வேண்டாம்' என்று சொல்லும் முன்...

தத்தெடுக்க நினைப்பவர்கள் காராவின் இணையதளத்தில் பதிவு செய்யலாம். ரிப்போர்ட் கைக்கு வந்ததும் குழந்தை டாக்டரிடம் காட்டி நான்கு கேள்வி கேளுங்கள்:

* இது முழுசாகக் குணமாகுமா, மருந்தால் கட்டுப்படுமா, வாழ்நாள் முழுக்க இருக்குமா?
* சிகிச்சையை எந்த வயதுக்குள் தொடங்க வேண்டும்?
* எவ்வளவு செலவாகும்? அரசு உதவி உண்டா?
* வீட்டில் தினமும் நாங்கள் என்ன செய்ய வேண்டியிருக்கும்?

பதிலைக் கேட்ட பிறகும் "எங்களால் முடியாது" என்று தோன்றினால், அப்படிச் சொல்வதில் தப்பே இல்லை. முடியாததை ஏற்றுக்கொண்டு பாதியில் திணறுவதுதான் குழந்தைக்குக் கெடுதல். ஆனால், கேட்காமலே மூடிவிடாதீர்கள். ஃபைலுக்குள் 14 மாதக் குழந்தை ஒன்று காத்துக்கொண்டிருக்கிறது!