சுத்தம் செய்த பின் பிரிண்டர் உயிர் பெறவில்லையா? பட்டனை மறுபடி அழுத்தாதீர்கள்!

கடையில் கம்ப்யூட்டர் நின்றால்கூடச் சமாளித்து விடுகிறோம். பிரிண்டர் நின்றால்தான் கலவரம். லோடு ஏற்றிய வண்டி வாசலில் நிற்கும். டிரைவர் ஹாரன் அடிப்பார். ஓசூரில் உள்ள நமக்கு ஜூஜூவாடி தாண்டினால் அத்திப்பள்ளி, கர்நாடக எல்லை. 2017 ஜூலை 1-ல் ஜி.எஸ்.டி. வந்ததும் எல்லையில் வணிகவரி செக்போஸ்ட் போய்விட்டது. ஆனால் பில் போகவில்லை. பறக்கும் படை எந்தத் திருப்பத்தில் கை காட்டும் என்று யாருக்குத் தெரியும்?

ஓசூரில் ஹார்டுவேர் மொத்த வியாபாரம் செய்யும் நம் அன்பர் ஒருவரின் கடையில் நடந்ததைச் சொல்கிறோம். இங்க் டேங்க் வைத்த இங்க்ஜெட் பிரிண்டர். எழுத்துகளில் வெள்ளைக் கோடு விழுந்தது. சனிக்கிழமை மாலை கடைப் பையன் சிரிஞ்சில் சோப்புத் தண்ணீர் எடுத்து ஹெட்டுக்குள் ஏற்றிக் கழுவினான். நல்ல எண்ணம்தான். துடைத்துவிட்டு பட்டனை அழுத்தினால், பச்சை விளக்கு ஒரு கணம் மின்னி அணைந்தது. மறுபடி அழுத்தினான். முதலாளியும் வந்து அழுத்திப் பார்த்தார். பத்துப் பன்னிரண்டு தடவை ஆகியிருக்கும். திங்கட்கிழமை வந்த மெக்கானிக், "ஹெட்டும் போச்சு, போர்டும் போச்சு. முதல் தடவையோட விட்டிருந்தா போர்டாவது பிழைச்சிருக்கும்" என்றார்.

அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. ஹெட் என்பது வெறும் இங்க் துளை அல்ல. அதற்குள் மின்சாரம் ஓடுகிறது. எப்சன் வகைகளில் நுண்ணிய படிகங்களை மின்சாரத்தால் அசைத்து இங்க்கைத் தள்ளுகிறார்கள். அந்தக் கம்பெனியின் எல் வரிசை மாடல்கள் பலவற்றில் இதற்கு 42 வோல்ட் போகிறது. கேனன், எச்.பி. வகைகளில் சின்னஞ்சிறு சூடேற்றிகள் இங்க்கைக் கொதிக்க வைத்துத் துப்புகின்றன. எந்த வகையானாலும் துளைக்கு வெகு அருகிலேயே மின் இணைப்பு உண்டு. சிரிஞ்சை வேகமாக அழுத்தினால் உள்ளே அடைப்பு விட்டு, திரவம் அந்த இணைப்புக்கு வந்துவிடுகிறது. இங்க் மின்சாரத்தைக் கடத்தும். உப்பும் சுண்ணாம்பும் கலந்த போர் தண்ணீரும் நன்றாகவே கடத்தும். காய்ந்த பிறகும் உப்புப் படலத்தை விட்டுச் செல்லும்.

ஷார்ட் ஆனதும் பவர் சப்ளை தன்னைக் காத்துக்கொள்ள அணைந்து விடுகிறது. விளக்கு மின்னி மறைவதன் பொருள் பெரும்பாலும் இதுதான். ஒவ்வொரு முறை அழுத்தும்போதும் மின்சாரம் அந்த ஷார்ட்டுக்குள் மறுபடி பாய்கிறது. போர்டில் ஹெட்டை ஓட்டும் டிரான்சிஸ்டர்களோ, கடுகளவு பியூஸோ எரியும்வரை நாம்தான் விடாமல் அழுத்திக் கொண்டிருக்கிறோம்.

எனவே முதல் வேலை, சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்குவது. பத்து நிமிடம் அப்படியே விடுங்கள். சில பவர் சப்ளைகள் இந்த ஓய்வுக்குப் பிறகுதான் பழைய நிலைக்குத் திரும்பும். அதற்குள் ஒன்றை நினைவுபடுத்திப் பாருங்கள்: விளக்கு மின்னி அணைந்ததா, அல்லது அசைவே இல்லையா?

அசைவே இல்லையென்றால் கவலை கொஞ்சம் குறைவு. துடைக்கும்போது நகர்த்தியதில் பின்பக்கப் பவர் கார்டு அரை அங்குலம் வெளியே வந்திருக்கலாம். இதற்காகவே மெக்கானிக்கை வரவழைத்துப் பணம் கொடுத்தவர்கள் நம்மில் உண்டு. மூடியைக் கழற்றியிருந்தால், பட்டன் பலகைக்குப் போகும் பட்டைக் கேபிள் நழுவியிருக்கும். பட்டனே அந்தப் பலகையில் இருப்பதால், கேபிள் நழுவினால் மெஷின் செத்தது போலத்தான் தெரியும். சிவப்பு விளக்கு விட்டுவிட்டு எரிந்தால் அது சாகவே இல்லை. வேறு குறையைச் சொல்கிறது.

மின்னி அணைந்திருந்தால் ஹெட்டைச் சந்தேகிக்க வேண்டும். வாரண்டியில் இருக்கும் மெஷினைத் திறக்க வேண்டாம், சர்வீஸ் சென்டருக்கே அனுப்புங்கள். வாரண்டி முடிந்ததென்றால், விவரம் தெரிந்தவரைக் கொண்டு பிளக் இல்லாத நிலையில் ஹெட் கேபிளைக் கழற்றி, ஹெட் இல்லாமல் ஒரே ஒரு முறை ஆன் செய்து பார்க்கச் சொல்லுங்கள். விளக்கு நிலைத்து நின்று, பிறகு குறை காட்டினால் போர்டு பிழைத்தது. குற்றவாளி ஹெட் அல்லது அதன் கேபிள். அந்த ஹெட்டை அப்படியே மறுபடி மாட்டக் கூடாது. டிஸ்டில்டு வாட்டரால் இணைப்புப் பகுதியைத் துடைத்து, நிழலில் இரண்டு நாள் காயவிட்டு, மீட்டரில் ஷார்ட் இல்லை என்று பார்த்த பிறகே மாட்டலாம். வெயிலிலோ ஹேர் டிரையரிலோ காய வைக்காதீர்கள்.

கேபிளைத் திருப்பிச் செருகுவதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். ஒரு மயிரிழை கோணலாகப் போனாலும் 42 வோல்ட் பக்கத்துப் பின்னில் ஏறி, நல்ல ஹெட்டும் போய்விடும். ஹெட் இல்லாமலும் விளக்கு வரவில்லையென்றால் போர்டு பியூஸையும் பவர் சப்ளையையும் சோதிக்க வேண்டும். பியூஸுக்குப் பதில் கம்பி வைத்துப் பற்றவைக்கும் கைவேலைக்கு இடம் கொடுக்காதீர்கள். பவர் சப்ளைப் பெட்டியைக் கடையில் யாரும் திறக்கக் கூடாது. உள்ளே கபாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கி நிற்கலாம்.

உதிரி வாங்க நம்மவர்கள் பெங்களூர் எஸ்.பி. ரோட்டுக்கு ஓடுவது வழக்கம். போகுமுன் புது மெஷின் விலையைக் கேட்டுக் கொள்ளுங்கள். ஹெட், போர்டு இரண்டும் மாற்ற வேண்டியிருந்தால் கணக்குப் பெரும்பாலும் கட்டுபடியாகாது.

அதுவரை வண்டி நிற்க வேண்டியதில்லை. இ-வே பில்லை அச்சடித்துத்தான் கொடுக்க வேண்டும் என்று விதியில் இல்லை. விதி 138ஏ-யின்படி அதன் எண் டிரைவர் போனில் இருந்தாலே போதும். இ-இன்வாய்ஸ் போடுகிறவர்கள் கியூ.ஆர். கோடைப் போனிலேயே காட்டலாம் என்று 2021-ல் சுற்றறிக்கை வந்தது. மற்றவர்களுக்கு பில் காகிதத்தில் போக வேண்டும். அதற்காகத் தனி வரிசை எண்ணோடு கையால் எழுதும் பில் புத்தகம் ஒன்று மேஜையில் இருக்கட்டும். ஒன்றுக்கு மேற்பட்ட வரிசை வைத்துக்கொள்ள விதி 46 இடம் தருகிறது. அந்தப் பில்களைக் கணக்கில் ஏற்ற மறந்துவிடாதீர்கள். ஜாப் ஒர்க்குக்காக எல்லை தாண்டிச் சரக்கு அனுப்பும் சிப்காட் பகுதி அன்பர்கள், மதிப்பு 50,000 ரூபாய்க்குக் கீழே என்றாலும் இ-வே பில் கட்டாயம் என்பதைக் கவனிக்கவும்.

ஹெட் ஏன் அடைக்கிறது என்பதையும் பார்த்தோம். இரவு கடை சாத்தும்போது மெயின் சுவிட்சை இறக்குகிறோம் அல்லவா? அச்சடிக்கும் நடுவில் மெயின் போனால் ஹெட் தன் மூடிக்குள் போய் உட்காராமல் நடுவழியில் நின்று, இங்க் காய்ந்துவிடும். பிரிண்டரின் சொந்தப் பட்டனில் அணைத்து, ஓசை அடங்கிய பிறகு மெயினை இறக்க வேண்டும். வாரம் ஒருமுறை கலர் பக்கம் ஒன்று அடிக்கலாம். அந்த ஹார்டுவேர் அன்பர் இப்போது புது மெஷின் வாங்கி, சிரிஞ்சைத் தூக்கி எறிந்துவிட்டு, பழைய டாட் மேட்ரிக்ஸையும் தூசி தட்டிப் பக்கத்தில் வைத்திருக்கிறார்.