பல் வைத்தியச் செலவு: அடக்க விலையைக் கேளுங்கள்



கல்வராயன் மலைப் புளியை மூட்டையாக வாங்கும்போது சொன்ன விலையோடு நாம் நிற்பதில்லை. சாக்கு, எடைக்கூலி, வண்டி வாடகை, இறக்குகூலி எல்லாம் சேர்த்து அடக்க விலை போட்ட பிறகே பேரம் முடிக்கிறோம். பல் வலி என்று போகும்போது மட்டும் ஒரே ஒரு தொகையைக் கேட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்துவிடுகிறோம். பிறகு பில்லைப் பார்த்துத் திகைத்து, அடுத்த பல்லுக்கு வைத்தியமே வேண்டாம் என்று கடையில் உள்ள கிராம்பைக் கடித்துக்கொண்டு நாளைக் கடத்துகிறோம்.

பெரிய நஷ்டம் இதுதான். சிறு சொத்தையை உடனே அடைத்தால் பெரும்பாலும் ஒரே நாளில் வேலை முடியும். சொத்தை நரம்பைத் தொட்டுவிட்டால் வேர் சிகிச்சை தேவைப்படும். வலி தானாக நின்றுவிட்டால் குணமானதாக எண்ண வேண்டாம், நரம்பு செத்திருக்கலாம்.

ஒரு மாதிரிக் கணக்கு

"வேர் சிகிச்சை ரூ.3,000" என்று சொல்வதாக வைத்துக்கொள்வோம். ஆலோசனைக் கட்டணம் 200, எக்ஸ்ரே இரண்டுக்கு 400, பல் மிகவும் சிதைந்திருந்தால் உள்ளே நிறுத்தும் கம்பிக்கு 1,000, மேலே போடும் உறைக்கு (கேப்) 4,000, மருந்து 350. ஆக மொத்தம் ரூ.8,950, சொன்னதைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு! இதில் ஏமாற்று இருக்க வேண்டும் என்பதில்லை. வேர் சிகிச்சை செய்த கடைவாய்ப் பல் எளிதில் உடையும் என்பதால் உறை பெரும்பாலும் அவசியமே. முன்கூட்டிச் சொல்லாததுதான் குறை.

உட்காரும் முன் கேட்க வேண்டியவை

1. உறை, எக்ஸ்ரே, மருந்து உட்பட மொத்தம் எவ்வளவு? தாளில் எழுதித் தருவீர்களா?
2. உறை உலோகமா, உலோகத்தின் மேல் பீங்கானா, சிர்கோனியாவா? ஒவ்வொன்றின் விலை என்ன? உத்தரவாத அட்டை உண்டா?
3. எத்தனை முறை வர வேண்டும்? களமருதூரிலிருந்து கள்ளக்குறிச்சிக்கோ உளுந்தூர்பேட்டைக்கோ போகும் பஸ் செலவும், கடை அடைக்கும் அரை நாளும் அடக்கத்தில் சேரும்.
4. உறை கழன்றால், வலி திரும்பினால் மறுபடி கட்டணமா?
5. இன்றே செய்ய வேண்டியது எது, காத்திருக்கக்கூடியது எது?

வரியும் காப்பீடும்

நோய்க்கான பல் சிகிச்சைக்கு ஜி.எஸ்.டி. விலக்கு உண்டு. பில்லில் வரி சேர்த்திருந்தால் காரணம் கேளுங்கள். பெரும்பாலான மருத்துவக் காப்பீட்டுத் திட்டங்கள், விபத்தில் அடிபட்டால் தவிர, சாதாரணப் பல் வைத்தியத்துக்குப் பணம் தருவதில்லை.

செலவு குறைய

அரசு மருத்துவமனைகளின் பல் பிரிவை முதலில் அணுகலாம். பெரிய வேலை என்றால் சிதம்பரம் அண்ணாமலை நகரில் அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. தனியார் பல் மருத்துவக் கல்லூரிகளிலும் ஆசிரியர் மேற்பார்வையில் மாணவர்கள் சிகிச்சை செய்வதால் கட்டணம் குறைவு, நேரம்தான் கூடுதலாகும்.

தகராறு வந்தால்

கட்டணம் பெற்றுச் செய்யும் மருத்துவம் நுகர்வோர் சட்டத்தில் அடங்கும் என்று 1995-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ரூ.5 லட்சம் வரையிலான வழக்குக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கட்டணம் கிடையாது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. ஆனால் கையில் பில் இல்லாமல் எதையும் நிரூபிப்பது கடினம். அது வியாபாரிக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஆகவே, கேட்பதற்குக் கூச்சப்படாதீர்கள். நல்ல மருத்துவர் கோபிக்க மாட்டார். சொத்தை சிறிதாக இருக்கும்போதே போங்கள். அடக்க விலை அப்போதுதான் மலிவு.