பல்பை மாற்றுமுன் ஒரு சுவரைத் தேடுங்கள்

தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் சிராங்கூன் சாலையில் போகும்போது, தன் மோட்டார்சைக்கிளின் முகப்பு விளக்கு எரிகிறதா இல்லையா என்பதே ஓட்டுபவருக்குத் தெரியாது. தலைக்கு மேலே அலங்கார வளைவுகள், இரு பக்கமும் நகைக்கடை வெளிச்சம், முன்னால் கார்களின் சிவப்பு விளக்குகள். அதே வண்டி வார இறுதியில் உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியைக் கடந்து, ஜோகூர் பாரு நகரையும் தாண்டி மெர்சிங் பக்கம் திரும்பட்டும். எண்ணெய்ப்பனைத் தோட்டங்களுக்கு நடுவே தெருவிளக்கில்லாத சாலையில், “நம்ம லைட் இவ்வளவு மங்கலா?” என்று மனம் அடித்துக்கொள்ளும். திரும்பி வந்ததும் எல்இடி பல்பு தேடும் வேலை தொடங்கிவிடும்.

அந்தத் தேடலில் பலர் பணத்தை வீணாக்குகிறார்கள். சிலர் சட்டத்தில் மாட்டுகிறார்கள். பல வண்டிகளில் குறை பல்பில் இருப்பதில்லை. விளக்கு எந்தத் திசையைப் பார்க்கிறது, மின்சாரம் எந்த வழியாக அதற்கு வந்து சேர்கிறது என்ற இரண்டில்தான் இருக்கிறது.

பார்க்க மட்டுமல்ல, பார்க்கப்படவும்

சிங்கப்பூரில் மோட்டார்சைக்கிளோட்டிகள் பகலிலும் முகப்பு விளக்கை எரியவிட வேண்டும் என்ற விதி 1995 நவம்பரில் நடப்புக்கு வந்தது. மலேசியா 1992இலேயே இதைக் கட்டாயமாக்கிவிட்டது. இந்தியாவில் 2017 ஏப்ரல் முதல், இன்ஜினை இயக்கியதுமே விளக்கும் தானாக எரியும் வண்டிகளைத்தான் தயாரிக்க வேண்டும் என்றானது. மூன்று நாடுகளின் நோக்கமும் ஒன்றே: ஓட்டுபவருக்குச் சாலை தெரிவது இருக்கட்டும், மற்றவர் கண்ணுக்கு அவர் தெரிய வேண்டும்.

இங்கே அதற்கு வலுவான காரணம் உண்டு. சிங்கப்பூர் வாகனங்களில் மோட்டார்சைக்கிள்கள் ஏழில் ஒரு பங்குதான். சாலை விபத்து மரணங்களிலோ, அண்மை ஆண்டுகளில் பாதி அளவுக்கு மோட்டார்சைக்கிளில் சென்றவர்களுடையவை. வலப்புறம் திரும்பக் காத்திருக்கும் காரோட்டி, எதிரே வரும் வண்டியின் வேகத்தையும் தூரத்தையும் அந்த ஒற்றை விளக்கை வைத்துத்தான் கணிக்கிறார். அது அவர் கண்ணைக் கூசச் செய்தால் வெளிச்சம் தெரியும். வண்டி எவ்வளவு அருகில் இருக்கிறது என்பது தெரியாது. அளவு மீறிய ஒளியும் திசை தப்பிய ஒளியும் ஓட்டுபவருக்கே ஆபத்தாக முடியும்.

விளக்குக்குள் நடப்பது

இன்னும் நிறைய வண்டிகளில் இருப்பது 1970களின் தொடக்கத்தில் வந்த எச்4 வகை ஹாலஜன் பல்பு: ஹை பீமுக்கு 60 வாட், லோ பீமுக்கு 55 வாட். ஒரே கண்ணாடிக் குமிழுக்குள் இரண்டு இழைகள். லோ பீம் இழைக்குக் கீழே சிறிய உலோகக் கிண்ணம் ஒன்று உண்டு. அது கீழ்நோக்கிப் போகும் ஒளியை மறித்து, பிரதிபலிப்பானின் மேல்பாதிக்கு மட்டும் ஒளியை அனுப்புகிறது. அங்கிருந்து ஒளி சாலையை நோக்கித் தாழ்ந்து விழுகிறது. சுவரில் அடித்துப் பார்த்தால் மேலே இருளும் கீழே ஒளியுமாக ஒரு வெட்டுக்கோடு தெரிவது இதனால்தான். இடப்பக்கம் ஓட்டும் நாடுகளுக்கான பல விளக்குகளில் அந்தக் கோடு இடப்புறம் சற்று மேலேறும். நடைபாதைப் பக்கம் தூரமாகத் தெரியவும், எதிரே வருபவர் கண்ணில் படாமல் இருக்கவும் இந்த ஏற்பாடு. வலப்பக்கம் ஓட்டும் நாட்டுக்கென்று செய்த விளக்கை இணையத்தில் மலிவாக வாங்கிப் பொருத்தினால், மேலேறும் பகுதி நேராக எதிர்வண்டிக்காரர் முகத்தில் அடிக்கும்.

ஆக, முகப்பு விளக்கு என்பது பல்பு மட்டுமல்ல. இழை எந்த இடத்தில் இருக்கிறது என்பதை வைத்தே பிரதிபலிப்பானின் ஒவ்வொரு வளைவும் செய்யப்பட்டிருக்கிறது. எல்இடி பல்பில் இழை கிடையாது. ஒரு தண்டின் இரு பக்கமும் ஒட்டிய தட்டையான சில்லுகள்தான் உண்டு. எச்ஐடி பல்பில் ஒளி ஒரு மின்வில்லிலிருந்து வருகிறது. ஒளி பிறக்கும் இடம் இழையின் இடத்தோடு பொருந்தாவிட்டால் வெட்டுக்கோடு கலைந்து ஒளி நாலாபக்கமும் சிதறும். வண்டிக்கு முன்னால் சில மீட்டர் தூரம் பளீரென்று இருக்கும்; ஓட்டுபவரும் திருப்திப்படுவார். தேவையான தூரத்தில் பழைய இருட்டே நிற்கும். பக்கத்துத் தரை வெளிச்சமாக இருக்கும்போது கண்மணி சுருங்கிவிடுவதால், தூரம் முன்பைவிட மோசமாகக்கூடத் தெரியும்.

எல்இடியே கூடாது என்பதல்ல இதன் பொருள். தொழிற்சாலையிலிருந்தே எல்இடி விளக்கோடு வரும் வண்டிகளில் பிரதிபலிப்பானோ லென்சோ அதற்கென்றே வடிவமைக்கப்பட்டது. ஜெர்மனியில் 2020இல் ஒரு நிறுவனத்தின் மாற்று எல்இடி பல்புக்கு முதன்முதலாக அனுமதி கிடைத்தது. அதுவும் வண்டி மாடல் மாடலாகச் சோதித்து, பட்டியலில் உள்ளவற்றுக்கு மட்டுமே.

சட்டம் என்ன சொல்கிறது?

ஹாலஜனுக்காகச் செய்யப்பட்ட விளக்கில் எச்ஐடி பல்பைப் பொருத்துவதைச் சிங்கப்பூரின் நிலப் போக்குவரத்து ஆணையம் ஏற்பதில்லை. எல்இடியோ கூடுதல் விளக்கோ எதுவானாலும், வாங்குவதற்கு முன் ஆணையத்தின் வாகன மாற்ற வழிகாட்டியைப் பார்த்துவிடுவது நல்லது. சட்டவிரோத மாற்றத்துக்கு அபராதமோ சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். மூன்று வயது கடந்த மோட்டார்சைக்கிள் ஆண்டுதோறும் பரிசோதனைக்குப் போக வேண்டும். அங்கே விளக்கும் பார்க்கப்படும். பரிசோதனைக்கு முந்தின நாள் பழைய பல்பு, மறுநாள் மீண்டும் புதுப் பல்பு என்று சமாளிப்பவர்கள், எதிரே வருபவரின் கண்ணை எந்தப் பரிசோதனையாலும் ஏமாற்ற முடியாது என்பதை மறந்துவிடுகிறார்கள்.

சுவர் முன்னால் செய்ய வேண்டியது

செலவில்லாமல் கிடைக்கும் மேம்பாடு, விளக்கின் திசையைச் சரிசெய்வது. சமதளத் தரையும் முழு உயரச் சுவரும் உள்ள ஓர் இடம் வேண்டும். வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) பலமாடிக் கார்நிறுத்துமிடத்தில் இடம் தேடுபவர்களுக்கு ஒரு வசதி: ஒரு கார் நிறுத்தக் கட்டத்தின் நீளம் 4.8 மீட்டர். அளவுநாடா இல்லாமலே ஏறத்தாழ ஐந்து மீட்டர் கிடைத்துவிடும்.

முதலில் டயர்களின் காற்றழுத்தத்தைச் சரிபாருங்கள். வழக்கமாக நீங்கள் ஓட்டும் நிலையில், அதே பையோடு, வண்டியில் நேராக உட்காருங்கள். வண்டி சைடு ஸ்டாண்டில் சாய்ந்திருந்தால் கணக்கு தவறிவிடும். தரையிலிருந்து விளக்கின் மையம் எவ்வளவு உயரம் என்று நண்பர் ஒருவரை அளக்கச் சொல்லி, அதே உயரத்தில் சுவரில் ஒரு டேப் துண்டு ஒட்டச் சொல்லுங்கள். லோ பீமைப் போடுங்கள். ஐந்து மீட்டர் தூரத்தில் வெட்டுக்கோடு அந்த டேப்புக்கு ஐந்து சென்டிமீட்டர் கீழே விழ வேண்டும். அதாவது நூற்றுக்கு ஒன்று என்ற சரிவு. உங்கள் வண்டியின் கையேடு வேறு அளவு சொன்னால் அதையே பின்பற்றுங்கள். விளக்கின் பின்புறமோ அடியிலோ இருக்கும் திருகை மெல்லத் திருப்பினால் கோடு ஏறும், இறங்கும். பழைய வட்ட விளக்கு என்றால் பக்கத்துப் போல்ட்டுகளைத் தளர்த்தி, கையால் சாய்த்து, மறுபடி இறுக்க வேண்டும்.

இந்த ஐந்து சென்டிமீட்டருக்கு என்ன மதிப்பு? விளக்கு 90 சென்டிமீட்டர் உயரத்தில் இருந்து, சரிவு நூற்றுக்கு ஒன்றாக இருந்தால் ஒளி 90 மீட்டர் வரை போய்த் தரையைத் தொடும். சரிவு இரண்டானால் 45 மீட்டரோடு சரி. விரைவுச்சாலையில் மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி, ஓட்டுபவர் சுதாரிக்கும் ஒரு விநாடியையும் சேர்த்து, நிற்பதற்கு ஏறத்தாழ 70 மீட்டர் எடுத்துக்கொள்ளும். விளக்கு சற்றே குனிந்திருந்தால், அந்த வேகத்தில் தடை கண்ணில் படும்போது காலம் கடந்திருக்கும். பல்பு மங்கல் என்று நினைக்கும் பலரின் வண்டியில் நடப்பது இதுதான்.

பின்னால் ஒருவர் ஏறினால்

காரைவிட மோட்டார்சைக்கிளில் இந்தக் கணக்கு சீக்கிரம் கெடும். முன், பின் சக்கர மையங்களுக்கு இடையே சுமார் 1.3 மீட்டர். பின்னால் ஒருவர் உட்கார்ந்து, வண்டியின் பின்பகுதி மூன்று சென்டிமீட்டர் தாழ்ந்தாலே, பத்து மீட்டர் தூரத்தில் ஒளி 23 சென்டிமீட்டர் மேலேறிவிடும். நாம் வைத்த சரிவோ அங்கே பத்து சென்டிமீட்டர்தான். ஐம்பது மீட்டரில் வெட்டுக்கோடு தரையிலிருந்து ஒன்றரை மீட்டருக்கு எழும்பியிருக்கும். எதிரே வரும் காரோட்டியின் கண் அதற்குக் கீழே! மனைவியையோ நண்பரையோ ஏற்றிக்கொண்டு, பெட்டிகளும் கட்டிக்கொண்டு மலேசியாவுக்குக் கிளம்புபவர்கள் பின் ஸ்பிரிங்கின் இறுக்கத்தைக் கூட்ட வேண்டும். பிறகு பளுவோடு ஒருமுறை சுவரைப் பார்த்துவிட வேண்டும்.

சட்டத்துக்குள் கூடும் வெளிச்சம்

திசை சரியான பின்னும் போதவில்லையென்றால் அடுத்தது மின்சாரம். ஹாலஜன் பல்பின் ஒளி மின்னழுத்தத்தைவிட வேகமாக இறங்கும்: அழுத்தம் பத்து சதவீதம் குறைந்தால் ஒளி முப்பது சதவீதம் போய்விடும். மழையும் ஈரப்பதமும் ஓயாத ஊரில் கனெக்டர்கள் பச்சை பூத்துப்போவது சாதாரணம். இன்ஜின் ஓடும்போது பல்பின் முனையில் எத்தனை வோல்ட் வருகிறது என்று பட்டறையில் அளக்கச் சொல்லுங்கள். பேட்டரியில் இருப்பதைவிட ஒரு வோல்ட் குறைந்தாலும் வயரிங்கைத்தான் கவனிக்க வேண்டும். கனெக்டரைச் சுத்தம் செய்வதும், தேவைப்பட்டால் ரிலே வைத்துத் தடித்த வயர் போடுவதும் புதுப் பல்புக்கு நிகரான பலன் தரும்.

வெயிலில் மஞ்சளித்த பிளாஸ்டிக் முகப்பைப் பாலிஷ் செய்யலாம். பிரதிபலிப்பான் உரிந்திருந்தால் அசல் விளக்கையே மாற்றுவதுதான் வழி. பல்பை அதே வகையில், அதே வாட்டில், பெயருள்ள நிறுவனத்ததாக வாங்குங்கள். சில வண்டிகளில் வரும் எச்எஸ்1 பல்பு பார்வைக்கு எச்4 போலவே இருக்கும். ஆனால் 35 வாட்தான். அதன் இடத்தில் தகட்டை அராவி எச்4ஐ நுழைப்பவர்கள், மெல்லிய வயரையும் பிளாஸ்டிக்கையும் உருக்கிக்கொள்ளத்தான் வழி செய்கிறார்கள்.

தெருவிளக்குக்குப் பஞ்சமில்லாத சிங்கப்பூரில் மோட்டார்சைக்கிளுக்குப் பெரிய விளக்கு வேண்டியதில்லை. நேராகப் பார்க்கும் விளக்குதான் வேண்டும். மலேசிய இருட்டுக்குக்கூட, சரியான திசையும் முழு மின்னழுத்தமும் உள்ள அசல் ஹாலஜன், திசை தப்பிய எல்இடியைவிட நன்றாக உழைக்கும். அடுத்த நீண்ட பயணத்துக்கு முந்தின இரவு சங்கிலிக்கு எண்ணெய் போடும்போது, விளக்கையும் சுவரில் ஒருமுறை அடித்துப் பாருங்கள். அதன் பிறகும் குறை தெரிந்தால் மட்டும் பணப்பையைத் திறங்கள்.