ஏசி ஓடுது, ஃபேன் சுத்துது... ஆனா காற்று மாறுதா? மூடிய அறைக்குள் வைரஸ் பரவுவது இப்படித்தான்!

2023 மார்ச் மாதம் புதுச்சேரியில் பள்ளிகளுக்குத் திடீர் விடுமுறை. புயல் இல்லை, மழையும் இல்லை. எச்3என்2 இன்ஃப்ளூயன்ஸா காய்ச்சல்தான் காரணம். 8-ம் வகுப்பு வரை மார்ச் 16 முதல் 26 வரை விடுமுறை என்று கல்வி அமைச்சர் நமச்சிவாயம் சட்டப்பேரவையில் அறிவித்தார்.

விடுமுறை முடிந்ததும் பிள்ளைகள் அதே வகுப்பறைக்குத்தான் திரும்பினார்கள். அதே பெஞ்ச், அதே ஜன்னல், அதே ஃபேன். அப்படியென்றால் கேள்வி இதுதான்: காய்ச்சல் பரவுவதில் அந்த அறைக்கு என்ன பங்கு?

கடற்கரையும் தியேட்டரும் ஒன்றா?

அடுத்த மாதமே கொரோனா தொற்று மீண்டும் தலைதூக்க, புதுச்சேரியில் பொது இடங்களில் மாஸ்க் கட்டாயம் என்று உத்தரவு வந்தது. கடற்கரைச் சாலை, பூங்கா, தியேட்டர் எல்லாம் ஒரே பட்டியலில் இருந்தன. எச்சரிக்கை தவறில்லைதான். ஆனால் காற்றைப் பொறுத்தவரை கடற்கரையும் தியேட்டரும் ஒரே இடமில்லை.

தேங்காய்த்திட்டு மீன்பிடி துறைமுகத்தை எடுத்துக்கொள்வோம். மீன் ஏலம் என்றால் கூட்டம் இருக்கும், சத்தம் போட்டுத்தான் விலை கேட்பார்கள். ஆனால் கடற்காற்று மூச்சோடு வருவதை அப்போதைக்கப்போதே கலைத்துவிடும். முகத்துக்கு நேரே நின்று இருமினால் அங்கேயும் ஆபத்துதான். ஆனால் பத்தடி தள்ளி நிற்பவருக்குப் போய்ச் சேர்வது மிகக் குறைவு. அதே ஆட்கள் ஜன்னல் சாத்திய கிளினிக்கில் ஒரு மணி நேரம் டோக்கனுக்காக உட்கார்ந்தால் கதை வேறு.

ஏன் வேறு? இருமும்போது மட்டுமல்ல, பேசும்போதும் பாடும்போதும், சும்மா மூச்சு விடும்போதும்கூட நுண்ணிய துகள்கள் வெளியே வருகின்றன. பெரிய துளிகள் சில அடி தூரத்துக்குள் கீழே விழுந்துவிடும். சின்னத் துகள்கள் விழாது, மிதக்கும். பூஜையறையில் ஏற்றிய ஊதுபத்தி வாசனை கூடத்துக்கு வருகிறதே, அதுபோல. வாசல் கதவு திறந்திருந்தால் வாசனை சீக்கிரம் போய்விடும், சாத்தியிருந்தால் வீடு முழுக்க நிற்கும். தட்டம்மை வைரஸ் பாதிக்கப்பட்டவர் அறையை விட்டுப் போன பிறகும் 2 மணி நேரம் வரை அந்தக் காற்றில் இருக்கக்கூடியது.

ஒரு ஹோட்டல், மூன்று மேஜை

2020 ஜனவரி 24. சீனாவின் குவாங்சோ நகரில் ஜன்னல் இல்லாத ஏசி ஹோட்டல். முந்தைய நாள் வூஹானில் இருந்து வந்த குடும்பம் மதிய உணவுக்கு உட்கார்ந்தது. இரு பக்கமும் வேறு இரண்டு குடும்பங்கள். பின்னர் அந்த மூன்று குடும்பங்களில் மொத்தம் 10 பேருக்குக் கொரோனா உறுதியானது. சிசிடிவி காட்சிகளைப் பார்த்தபோது, குடும்பங்கள் நெருங்கிப் பழகியதாகவோ ஒரே பொருளைத் தொட்டதாகவோ குறிப்பிடும்படி எதுவும் தெரியவில்லை. மூன்று மேஜைகளுக்கும் பொதுவாக இருந்தது ஒரே ஏசியின் காற்று. அதே தளத்தில் தள்ளி உட்கார்ந்திருந்த மற்றவர்களுக்குத் தொற்று இல்லை.

அங்கே உள்ளே வந்த வெளிக்காற்றை ஆய்வாளர்கள் அளந்தார்கள். ஆளுக்கு நொடிக்குச் சுமார் 1 லிட்டர். இதுபோன்ற பொது இடங்களுக்கு உலக சுகாதார அமைப்பு பரிந்துரைப்பது 10 லிட்டர்!

'ஏசி ஓடுதே, அப்புறம் என்ன?'

பலரும் ஏமாறும் இடம் இதுதான். மாடியில் இருக்கும் ஸ்பிளிட் ஏசியின் வெளி யூனிட் வெளிக்காற்றை இழுத்து உள்ளே தருகிறது என்று நினைக்கிறோம். இல்லை. இரண்டுக்கும் நடுவே போகும் பைப்பில் ஓடுவது குளிரூட்டும் வாயு. வெளி யூனிட் வெப்பத்தை மட்டும் வெளியேற்றும். அறைக் காற்று அதே அறைக்குள்தான் சுற்றிச் சுற்றி வரும். அதில் இருக்கும் வலை ஃபில்டர் தூசியைப் பிடிக்கும், வைரஸ் துகள்களுக்கு அது போதாது.

சீலிங் ஃபேனும் அப்படித்தான். இருக்கிற காற்றைக் கலக்கும், புதுக் காற்றைக் கொண்டு வராது. ஜன்னல் திறந்திருந்தால்தான் அதனால் பயன். பழைய புதுச்சேரித் தமிழ் வீடுகளில் நடுவே முற்றம் வைத்தார்களே, அங்கே சூடான காற்று மேலே போக வழி இருந்தது. நாம் முற்றத்தை மூடி ஒரு ரூம் கட்டிவிட்டோம்.

இதைப் புரிந்துகொள்ள உலகத்துக்கே நேரம் பிடித்தது. 2020 மார்ச்சில் கொரோனா காற்றில் பரவாது என்று சொன்னது உலக சுகாதார அமைப்பு. அதே ஆண்டு ஜூலையில் 239 விஞ்ஞானிகள் காற்றுவழிப் பரவலைக் கவனியுங்கள் என்று பகிரங்கக் கடிதம் எழுதினார்கள். அந்த இடைவெளியில்தான் நம் ஊரில் சாலையெல்லாம் ப்ளீச்சிங் பவுடர் தெளித்தோம். திருப்பூர் தென்னம்பாளையம் சந்தையில் ஆட்கள் மேல் கிருமிநாசினி தெளிக்கும் சுரங்கமே வைத்தார்கள். மனிதர்கள் மேல் தெளிக்காதீர்கள் என்று மத்திய சுகாதார அமைச்சகம் பிறகு சொல்ல வேண்டி வந்தது.

பாத்ரூம் வழியாகவும் வருமா?

அபூர்வம்தான், ஆனால் நடந்திருக்கிறது. 2003-ல் ஹாங்காங்கின் அமோய் கார்டன்ஸ் அடுக்குமாடிக் குடியிருப்பில் 300-க்கும் மேற்பட்டோருக்கு சார்ஸ் தொற்றியது. கழிவுநீர்க் குழாயையும் பாத்ரூமையும் பிரிப்பது தரை வடிகாலுக்குக் கீழே வளைவில் தேங்கி நிற்கும் தண்ணீர். அது காய்ந்துபோன வீடுகளில் எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டதும் குழாய்க் காற்று உள்ளே வந்தது என்று விசாரணையில் சொல்லப்பட்டது.

என்ன செய்யலாம்?

எதிரெதிரே இரண்டு திறப்புகள் வேண்டும், அதுதான் முக்கியம். ஒரு ஜன்னல் மட்டும் என்றால் டேபிள் ஃபேனை வெளிப்பக்கம் பார்த்து வையுங்கள், உள்காற்று வெளியேற, கதவு வழியே புதுக் காற்று வரும். ஏசி அறையில் எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டு, ஜன்னலை இரண்டு விரல் அளவாவது திறந்து வைக்கலாம். கரண்ட் பில் கொஞ்சம் ஏறும்தான். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் எல்லாவற்றையும் சாத்திவிடுவோம், தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் ஃப்ளூ அதிகமாகும் காலமும் அதை ஒட்டித்தான் வருகிறது. மழை விட்ட நேரத்திலாவது திறந்துவிடுங்கள்.

வீட்டில் ஒருவருக்குக் காய்ச்சல் என்றால் ஜன்னல் உள்ள அறையை அவருக்குக் கொடுங்கள். தாத்தா, பாட்டி அவரோடு ஏசி ரூமில் படுக்க வேண்டாம். ஆஸ்பத்திரிக்குப் போனால் துணி மாஸ்க்கை விட என்95 மேல்.

பள்ளிகளுக்கு ஒரு சுலபமான சோதனை உண்டு. கார்பன் டை ஆக்சைடு மீட்டரை வகுப்பறையில் வைத்தால் போதும். வெளியே சுமார் 420 பிபிஎம் இருக்கும். நாம் விடும் மூச்சில் அது பல மடங்கு அதிகம். பாடம் நடக்கும்போது 1,000-ஐத் தாண்டினால், ஒருவர் விட்ட மூச்சை இன்னொருவர் இழுப்பது கூடிக்கொண்டே போகிறது என்று அர்த்தம். மீட்டர் வைரஸைக் காட்டாது. ஆனால் ஜன்னலை எப்போது திறக்க வேண்டும் என்று காட்டும்.