பரீட்சை எழுதாமல் வக்கீல்!

அமெரிக்காவில் சட்டம் படித்துப் பட்டம் வாங்கினால் மட்டும் போதாது. பெரும்பாலான மாநிலங்களில் 2 நாள் பரீட்சையும் எழுதவேண்டும். ஒரே மண்டபத்தில் நூற்றுக்கணக்கானோர் எழுதுவார்கள். தேறினால்தான் சன்னது!

2020-ம் ஆண்டு கொரோனா பரவியது. கூட்டம் கூடினால் ஆபத்து. பரீட்சையைத் தள்ளிப்போட்டாலோ, பட்டதாரிகளுக்குச் சம்பாத்தியம் இல்லை. படிப்புக்கு வாங்கிய கடன் வேறு!

கோர்ட்டு காட்டிய வழி

யூட்டா மாநில சுப்ரீம் கோர்ட்டு ஏப்ரல் மாதத்தில் ஒரு வழி கண்டது. தகுதியுள்ள பட்டதாரிகள், அனுபவமுள்ள வக்கீலின் மேற்பார்வையில் 360 மணி நேரம் வேலை செய்தால் போதும். பரீட்சை வேண்டாம் என்றது. வாஷிங்டன், ஓரிகன், லூசியானா மாநிலங்களும் அந்த ஆண்டு பலருக்குப் பரீட்சையிலிருந்து விலக்கு அளித்தன.

பரீட்சை இல்லையென்றால் கட்சிக்காரரின் கதி என்ன? இப்படிப் பலர் கேட்டார்கள். ஆனால் விஸ்கான்சின் மாநிலத்தில் இது பழைய வழக்கம். அங்குள்ள சட்டக் கல்லூரியில் படித்தவர்களுக்கு 1870 முதலே இந்தச் சலுகை உண்டு.

நோய் தணிந்த பிறகும் இந்த யோசனை மறையவில்லை. ஓரிகன் சுப்ரீம் கோர்ட்டு 2023-ல் ஒரு நிரந்தர வழியைத் திறந்தது. மேற்பார்வையில் 675 மணி நேரம் வேலை செய்து, திறமையைக் காட்டினால் பரீட்சை இல்லாமலே சன்னது பெறலாம்.

ஏட்டுப் படிப்பை மட்டும் அல்ல, கைத்திறமையையும் பார்க்கவேண்டும் என்பதே கொரோனா தந்த பாடம்!